ஆணித் துளையிலிருந்து ஒற்றைப் பிக்சல் வரை: படம் உருவாகும் வரலாற்றில் சில பக்கங்கள்

2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை, வளையச் சூரிய கிரகணம் இலங்கையின் வடபகுதி வழியாகச் சென்றது. அன்று நான் அக்கராயனில், ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டில் இருந்தேன். மீள்குடியேறிய காலத்தில் போட்ட தகரக் கொட்டில் அவர்களுடைய கல்வீட்டுக்குப் பின்னால் இன்னும் குசினியாக நிற்கிறது. வேறெங்கோ பாவித்துக் கழற்றிய தகரங்கள் என்பதால் கூரையெல்லாம் ஆணித் துளைகள். ஒன்பதரை மணியளவில் குசினி நிலத்தில் கிடந்த வெளிச்சப் பொட்டுகள் ஒவ்வொன்றும் மோதிர வடிவமாக மாறின. நண்பரின் தாயார் அடுப்படியில் இருந்து எழும்பி வந்து பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, நிலமெல்லாம் காப்பு கொட்டின மாதிரிக் கிடக்கு" என்றார்.

கூரையில் இருந்த துளைகள் வட்டமானவை அல்ல. சில சதுரம், சில கிழிசல், சில துருப்பிடித்துக் கோணலானவை. ஆனால் நிலத்தில் விழுந்தவை எல்லாம் ஒரே மாதிரியான வளையங்கள். காரணம், அவை துளையின் வடிவங்கள் அல்ல, சூரியனின் படங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைக் கணக்கோடு விளக்கியவர் இப்னுல் ஹைதம் என்று நான் சொல்ல, பௌதிகவியல் படிப்பிக்கும் நண்பர் விடவில்லை. "அது பழைய கதை. இப்ப ஒரேயொரு பிக்சலை வச்சு முழுப்படம் எடுக்கிறாங்கள், தெரியுமோ?" என்று கேட்டார். அன்று பின்னேரம் வரை நீண்ட அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

நான் அங்கே போனது கிரகணம் பார்க்க அல்ல. 1990க்கு முன் கிளிநொச்சியிலிருந்து சைக்கிளில் அக்கராயனுக்குப் போய்ப் புடவை வியாபாரம் செய்த என் வாப்பாவைப் பற்றி விசாரிக்கப் போயிருந்தேன். அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. குறைந்த தகவல்களிலிருந்து ஒரு முழுப்படத்தை எப்படி மீட்பது என்ற கேள்வி எனக்கு வெறும் விஞ்ஞானக் கேள்வியாக இருக்கவில்லை.

இருட்டறை

இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354 அளவில், அதாவது கி.பி. 965 அளவில், பஸறாவில் பிறந்தார். கி.பி. 1040 அளவில் கெய்ரோவில் காலமானார். ஏழு பாகங்கள் கொண்ட அவரது 'கிதாபுல் மனாழிர்' பின்னர் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறி, ஐரோப்பிய ஒளியியலுக்குப் பாடநூலாயிற்று.

அதில் வரும் பரிசோதனை ஒன்று இக்கட்டுரைக்கு அத்திவாரம். இருட்டறை ஒன்றின் துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைக்கிறார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுகின்றன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைகிறது. மறைப்பை எடுத்தால் அது மட்டும் திரும்பி வருகிறது. எல்லா விளக்குகளின் ஒளியும் அந்த ஒரே துளையினூடாகவே வருகிறது. வழியில் ஒன்றோடொன்று கலந்திருந்தால் சுவரிலும் கலந்தே விழுந்திருக்கும். ஆகவே ஒளிகள் வெளியில் கலப்பதில்லை, ஒவ்வொன்றும் தன் நேர்கோட்டில் போகிறது என்பது அவரது முடிவு. கிரகணத்தின் வடிவம் பற்றித் தனியாக எழுதிய சிறுநூலில், துளை சிறிதாக இருக்கும்போது பிறைவடிவம் தெரிவதையும், துளை பெருக்க அது வட்டமாகி மறைவதையும் அளவுகளோடு ஆராய்கிறார்.

நமது மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி வரும் இரு செய்திகளை இங்கே திருத்த வேண்டியுள்ளது. முதலாவது, துளையினூடாகத் தலைகீழ்ப் படம் விழுவதை முதலில் கண்டவர் அவரே என்பது. சீனத்து மோ ஸியின் வழிவந்தோரும் கிரேக்கர்களும் அதற்கு வெகு காலம் முன்பே அதைக் கவனித்திருக்கிறார்கள். அவர் செய்தது அதைவிடப் பெரிய காரியம்: கவனித்ததைச் சோதனையாக்கி, கணிதமாக்கினார். இரண்டாவது, 'கமரா' என்ற சொல் அறபியில் இருந்து வந்தது என்பது. வளைந்த கூரையுள்ள அறையைக் குறிக்கும் கிரேக்க, லத்தீன் சொல் அது. அறபியில் 'அல்பைத்துல் முழ்லிம்', இருண்ட வீடு, என்றே வழங்கியது. நமது முன்னோரின் பெருமை நமது மிகைப்படுத்தலை நம்பி இருக்கவில்லை. தொலமியின் நூல்கள் மீது எழுப்பிய ஐயங்கள் பற்றிய தமது நூலில், உண்மையைத் தேடுபவன் தான் வாசிக்கும் நூலை எதிரியைப் போல நின்று பரிசோதிக்க வேண்டும், அப்போது தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்ற கருத்தை எழுதியவர் அவர்தான்.

சேகரித்து எறிதல்

துளைக்குப் பதிலாக வில்லை வந்தது. சுவருக்குப் பதிலாகப் பிலிம் வந்தது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் ஆகியோர் சீ.சீ.டி. என்ற ஒளியுணரியின் கருத்தை உருவாக்கினார்கள். அடிப்படை மாறவில்லை. வெளியில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் ஒளிக்கும் உள்ளே தனி இடம். மழைநேரம் முற்றத்தில் வாளிகளை நெருக்கி அடுக்கி வைப்பது போல, புள்ளிக்கொரு வாளி. அந்த வாளியே பிக்சல். 12 மெகாபிக்சல் கமரா என்றால் 1 கோடி 20 இலட்சம் வாளிகள்.

அத்தனையையும் நிறங்களோடு விரித்து எழுதினால் ஒரு படத்துக்கு 36 மெகாபைட் வேண்டும். ஆனால் நம் கைத்தொலைபேசியில் அந்தப் படம் பெரும்பாலும் மூன்று நான்கு மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. மீதி எங்கே போனது? எறியப்பட்டது. எதை எறியலாம் என்று காட்டிய கணக்கின் பின்னால் இருப்பவர் 1940இல் பெங்களூரில் பிறந்த நசீர் அஹ்மத். பொறியியலை அங்கே படித்து, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1972இல் இந்த யோசனைக்கு ஆய்வுப் பணம் கேட்டு அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகத்துக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் குறையாக இருந்ததாம். பணமில்லாமலே தம் மாணவர் டி. நடராஜனோடும் கே. ஆர். ராவோடும் சேர்ந்து வேலையை முடித்தார். 1974 ஜனவரியில் அந்த மூவரின் சில பக்கக் கட்டுரை வெளிவந்தது. 1992இல் உருவான ஜே.பெக். தரத்தின் இதயம் அதுதான்.

அதன் சாரம் இது. படத்தை எட்டுக்கு எட்டு என்ற சிறு கட்டங்களாக வெட்டுகிறோம். ஒரு கட்டத்தில் உள்ள 64 வெளிச்ச அளவுகளை, 64 அலைவடிவங்களின் கலவையாக மாற்றி எழுதுகிறோம். வானம், சுவர், முகம் போன்றவற்றில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், 64இல் ஒரு சில அலைகளே பெரிதாக வரும். மீதியெல்லாம் பூச்சியத்துக்குக் கிட்ட. பெரியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். படம் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இயற்கையான படங்கள் சரியான மொழியில் எழுதப்பட்டால் சொற்ப சொற்களில் அடங்கும் என்பதே இதன் பொருள்.

இங்கேதான் அடுத்த கேள்வி எழுந்தது. எறியத்தான் போகிறோம் என்றால் எதற்கு அத்தனையும் சேகரித்தோம்? தேவையானதை மட்டும் முதலிலேயே அளக்க முடியாதா? ஆனால் எது தேவையானது என்பது அளந்த பிறகுதானே தெரியும்.

நூறு பறவைகள்

இந்த முடிச்சை அவிழ்க்க நாம் ஒளியியலை விட்டு, இப்னுல் ஹைதத்துக்கும் ஒரு நூற்றாண்டு முந்திய எகிப்துக்குப் போகவேண்டும். கி.பி. 850 அளவில் பிறந்து 930 அளவில் மறைந்த அபூ காமில் ஷுஜா இப்னு அஸ்லம், அல்ஃவாரிஸ்மிக்குப் பின் அல்ஜிப்ராவை வளர்த்தவர். பறவை வாங்கும் கணக்குகளை வைத்து அவர் ஒரு சிறுநூல் எழுதினார்.

அதில் ஒன்று: கையில் 100 திர்ஹம். 100 பறவை வாங்க வேண்டும். தாரா ஒன்று 5 திர்ஹம், கோழி ஒன்று 1 திர்ஹம், சிட்டுக்குருவி 20க்கு 1 திர்ஹம். ஒவ்வொன்றிலும் எத்தனை? தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் இரண்டுதான். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த விதிப்படி இதற்கு முடிவான விடை இல்லை. ஆனால் அரைத் தாரா வாங்க முடியாது, ஒவ்வொரு இனத்திலும் ஒன்றாவது வேண்டும். இந்த மேலதிக அறிவைச் சேர்த்ததும் விடை ஒன்றே ஒன்று: தாரா 19, கோழி 1, குருவி 80. காசு 95, 1, 4. கூட்டினால் 100.

எல்லாக் கணக்கும் இப்படி இறங்கி வருவதில்லை. ஐந்து வகைப் பறவைகளோடு வந்த ஒரு கணக்குக்கு 2,676 விடைகளைக் கண்டதாக அவரே எழுதினார். ஆக, சமன்பாடுகள் குறைவாக இருக்கும்போது விடையை நிர்ணயிப்பது அளவை மட்டுமல்ல. விடை எப்படிப்பட்டது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதும் சேர்ந்துதான் நிர்ணயிக்கிறது. அபூ காமிலிலிருந்து இன்றைய கமராவுக்கு நேரடிப் பரம்பரை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேள்வியின் உருவம் ஒன்று என்கிறேன்.

பதினைந்து மூட்டைகள்

நண்பர் இதை வேறு விதமாக விளங்கப்படுத்தினார். அக்கராயன் நெல்லு விளையும் ஊர். 15 நெல் மூட்டைகள், எல்லாம் ஒரே நிறை, ஒன்றில் மட்டும் ஒரு கிலோ குறைவு. 1 முதல் 15 வரை இலக்கமிட்டு ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றத் தேவையில்லை. நான்கு தரம் நிறுத்தால் போதும்.

முதல் நிறுவையில் 1, 3, 5, 7, 9, 11, 13, 15. இரண்டாவதில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15. மூன்றாவதில் 4, 5, 6, 7, 12, 13, 14, 15. நான்காவதில் 8 முதல் 15 வரை. முதல் நிறுவையில் குறைவு வந்தால் 1ஐ எழுதுங்கள், இரண்டாவதில் வந்தால் 2ஐ, மூன்றாவதில் வந்தால் 4ஐ, நான்காவதில் வந்தால் 8ஐ. எழுதியவற்றைக் கூட்டினால் வருவது குறைந்த மூட்டையின் இலக்கம். எந்த நிறுவையும் ஒரு மூட்டையைத் தனியாகப் பார்க்கவில்லை. எல்லாம் கலவையான அளவைகள். ஆனாலும் கலவைகளின் தொகுதி தனி மூட்டையைக் காட்டிக்கொடுக்கிறது. காரணம், குறைந்தது ஒன்றுதான் என்பது நமக்கு முன்பே தெரியும்.

இந்த எண்ணத்தைப் படங்களுக்கு நிறுவியவர்கள் எமானுவேல் கண்டெஸ், ஜஸ்டின் ரோம்பெர்க், டெரன்ஸ் டாவோ ஆகியோரும், தனியாக டேவிட் டொனஹோவும். 2004இல் கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவகத்தில் இருந்த கண்டெஸ், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரிசோதனைகளுக்குப் பாவிக்கும் ஒரு மாதிரிப் படத்தை மிகக் குறைந்த அளவைகளிலிருந்து மீட்க முயன்றார். கொஞ்சம் தெளிவாகும் என்றே எதிர்பார்த்தார். படம் பிழையில்லாமல் முழுசாக வந்தது. டாவோ முதலில் நம்பவில்லை. அது நடவாது என்று காட்டப் போய், நடக்கும் என்று நிறுவுவதில் பங்காளியானார். 2006இல் இரு தரப்பின் கட்டுரைகளும் வந்தன. டொனஹோ தமது கட்டுரைக்கு இட்ட பெயரே இத்துறைக்கு நிலைத்தது. தமிழில் அதைச் 'சுருக்கி அளத்தல்' எனலாம். சேகரித்துச் சுருக்காமல், அளக்கும்போதே சுருக்குவது.

விதி இவ்வளவுதான். அளவைகள் எந்த ஒரு வடிவத்துக்கும் சாய்வு காட்டாமல், குலுக்கிப்போட்டது போல எழுமாறாக இருக்க வேண்டும். அந்த அளவைகளோடு ஒத்துப்போகும் கணக்கற்ற படங்களில் மிகக் குறைந்த அலைகளால் ஆன படத்தைத் தேடவேண்டும். அதை நேரடியாகத் தேடினால் கணினிக்கும் ஆயுள் போதாது. அதற்குப் பதில், அலைகளின் பருமன்களைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகை மிகச் சிறிதாக வரும் படத்தைத் தேடலாம். அது விரைவில் முடியும். குறிப்பிட்ட நிபந்தனைகளில் இரண்டும் ஒரே விடையைத் தரும் என்பதுதான் அவர்கள் நிறுவியது.

ஒரேயொரு கண்

2006இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பரானியுக், கெவின் கெலி ஆகியோரின் குழு இதைக் கமராவாகச் செய்து காட்டியது. அதற்கு வேண்டிய கருவி ஏற்கெனவே கடைகளில் இருந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹோர்ன்பெக் 1987இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லு அது. நாம் கூட்டங்களில் பாவிக்கும் புரொஜெக்டர்கள் பலவற்றுக்குள் இருப்பதும் அதுவே. ரைஸ் குழுவின் சில்லில் 1024க்கு 768 என்ற கணக்கில் ஏழேமுக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத சிறுமை. ஒவ்வொன்றையும் கணினி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சரிக்கலாம்.

காட்சி இந்தக் கண்ணாடிகளின் மேல் விழும். எழுமாறாகச் சில கண்ணாடிகள் தங்கள் ஒளியை ஒற்றை ஒளியுணரியின் பக்கம் திருப்பும், மற்றவை வேறு பக்கம் திருப்பும். உணரிக்கு வருவது கலவையான ஒரு தொகை. அது ஓர் எண். பிறகு கண்ணாடிகளின் ஒழுங்கு மாறும், இன்னோர் எண். இப்படியே மூட்டைகளை மாற்றி மாற்றி நிறுப்பது போலத் தொடரும். அவர்கள் எடுத்த முதற்படங்களில் ஒன்று 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து. 256க்கு 256, அதாவது 65,536 புள்ளிகள் கொண்ட அந்தப் படத்தை 1,300 அளவைகளில் மீட்டார்கள். நூற்றுக்கு இரண்டு.

இப்னுல் ஹைதம் ஒளிகள் வெளியில் கலப்பதில்லை என்று காட்டினார். இந்தக் கமராவோ ஒளிகளை வேண்டுமென்றே ஒன்றாகக் கூட்டுகிறது. முரண் இல்லை. வழியில் கலக்காததால்தான் ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் ஒரு கண்ணாடியால் தனியே பிடித்து, சேர்க்கவோ விலக்கவோ முடிகிறது. அவர் ஒரு விளக்கை மறைத்து மற்றவற்றைப் பார்த்தார். இவர்கள் பாதி விளக்குகளை மறைத்துத் தொகையைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கமரா நமது கைத்தொலைபேசிக் கமராவுக்குப் போட்டி அல்ல. அளவைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் நேரம் எடுக்கும். அதற்குள் ஆள் அசைந்தால் படம் கெடும். சாதாரண ஒளிக்கு இலட்சக்கணக்கான பிக்சல் கொண்ட சில்லு மலிவு. ஆனால் அகச்சிவப்பு போன்ற, கண்ணுக்குத் தெரியாத ஒளிகளுக்கு ஒவ்வொரு பிக்சலும் விலை கூடியது. அங்கேதான் ஒற்றை உணரிக்கு வேலை.

சுருக்கி அளத்தலின் பெரும்பயன் வைத்தியசாலையில் கிடைத்தது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் இயல்பாகவே கலவையான அளவைகளைத்தான் எடுக்கிறது. அளவைகள் குறைந்தால் நோயாளி உள்ளே கிடக்கும் நேரம் குறையும். 2007இல் மைக்கல் லஸ்டிக், டொனஹோ, ஜோன் போலி ஆகியோர் இதற்கான வழியை வெளியிட்டார்கள். ஸ்டான்போர்டில் சிறுவர் கதிரியல் வைத்தியர் ஸ்ரேயாஸ் வாசனவாலா, அசையாமல் மூச்சுப் பிடித்துக் கிடக்கத் தெரியாத குழந்தைகளிடம் அதைப் பரிசோதித்தார். 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்முறை கொண்ட ஸ்கேன் மென்பொருள்களுக்கு அனுமதி வழங்கியது. அக்கராயனிலிருந்து ஸ்கேன் எடுக்க வெளியூர் போய் வரிசையில் நிற்கும் நோயாளிக்கு இது தூரத்து விஞ்ஞானம் அல்ல. ஓர் ஆளுக்கு எடுக்கும் நேரம் பாதியானால் வரிசையும் பாதியாகும்.

இன்னொரு கிளை மீண்டும் துளைக்கே திரும்பியது. சல்மான் ஆசிஃப், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஸ்வின் சங்கரநாராயணன், அசோக் வீரராகவன், மேற்சொன்ன பரானியுக் முதலியோர் வில்லையே இல்லாத தட்டைக் கமரா ஒன்றை உருவாக்கினார்கள். உணரியின் மேல் நுண்துளைகள் நிறைந்த மெல்லிய மறைப்பு ஒன்று மட்டும். ஒவ்வொரு துளையும் ஒரு படம் போடும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும், கணக்கு அவற்றைப் பிரிக்கும். அந்தத் தகரக் குசினியை விரல் நகத்தளவுக்குச் சுருக்கினால் கிடைப்பது கிட்டத்தட்ட அதுதான்.

எங்கே பிழைக்கும்

பதினைந்து மூட்டைக்குத் திரும்புவோம். குறைந்தது ஒன்றல்ல, இரண்டு என்று வையுங்கள். 1ஆம் மூட்டையிலும் 2ஆம் மூட்டையிலும் ஒவ்வொரு கிலோ குறைவு. முதல் நிறுவையில் ஒரு கிலோ குறையும். இரண்டாவதிலும் ஒரு கிலோ குறையும். மற்ற இரண்டும் சரி. 1ஐயும் 2ஐயும் கூட்டுகிறோம், 3 வருகிறது. நிறை சரியாக இருந்த மூன்றாம் மூட்டை குற்றவாளியாகிறது. தராசு பொய் சொல்லவில்லை. கூட்டலும் பிழைக்கவில்லை. பிழைத்தது 'ஒன்றுதான்' என்ற நமது ஊகம். மிக மோசமான விடயம், விடை தெளிவாக வருவதுதான். மங்கலான படம் தன் குறையைத் தானே காட்டும். பிழையான ஊகத்திலிருந்து மீட்ட படம் பளிச்சென்று நிற்கும்.

விஞ்ஞானிகள் இதற்கு எப்படிக் காவல் போடுகிறார்கள் என்பதற்கு, அந்தக் கிரகணம் நடந்த அதே 2019ஆம் ஆண்டிலேயே உதாரணம் உண்டு. ஏப்ரல் 10ஆம் திகதி கருந்துளை ஒன்றின் முதற்படம் வெளியானது. அதுவும் ஒரு வளையம். உலகில் ஆறு இடங்களில் இருந்த எட்டு வானொலித் தொலைநோக்கிகள் 2017இல் எடுத்த அளவைகள், முழுப்படத்துக்குப் போதாத சொற்ப அளவைகள். எனவே ஆய்வாளர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து, வெவ்வேறு முறைகளில், மற்றக் குழு என்ன கண்டது என்று தெரியாமல் பல வாரங்கள் வேலை செய்தார்கள். நால்வருக்கும் வளையமே வந்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்.

நமக்கு இன்னும் கிட்டிய பாடம் ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே சூரியன் மங்கியது என்று மக்கள் பேசினார்கள். எவருடைய மரணத்துக்காகவோ வாழ்வுக்காகவோ சூரியனும் சந்திரனும் கிரகணமடைவதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். துக்கம் நிறைந்த வீட்டில், தமக்குச் சிறப்புச் சேர்க்கும் ஊகத்தையே அவர்கள் ஏற்கவில்லை.

புடவை நானா

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. படங்கள், கணக்குக் கொப்பிகள், கடிதங்கள் எதுவும் வரவில்லை. 2008இல் அக்கராயன் மக்களும் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய அல்பங்களும் போயின. ஆக, இரு பக்கத்திலும் எஞ்சியது ஞாபகம் மட்டுமே. அது கலவையான அளவை. ஒருவர் ஒரு புடவையின் நிறத்தைச் சொல்வார், ஒருவர் சைக்கிள் மணியைச் சொல்வார்.

அந்த 2019க்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் 'புடவை நானா' பற்றிப் பலரிடம் கேட்டு, வாப்பாவைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். நெட்டையானவர், அதிகம் கதைக்காதவர், ஆனால் சந்தோஷம் வந்தால் நாகூர் ஹனிபாவின் பாட்டுகளைப் பாடுவார், கடன் கொடுத்தால் எழுதி வைப்பவர், சிலருக்கு எழுதாமலும் கொடுப்பவர். புத்தளத்தில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உன்ட வாப்பா பாட்டுப் படிச்சதை நான் ஒருநாளும் கேட்டதில்லையே" என்றார். வெளியில் ஆண்கள் வேறு மாதிரி இருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிரகணம் முடிந்து, நிலத்தில் இருந்த வளையங்கள் மறுபடி பொட்டுகளானபோது, நண்பரின் தாயாரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் கேட்டார்: "எந்த நானா? ரெண்டு பேரெல்லோ வந்தவை. ஒருத்தர் நெட்டை, வாயே திறக்கமாட்டார். மற்றவர் கட்டை, பாட்டுக்காரன். நெட்டையர் கொப்பியில எழுதுவார். கட்டையர் எழுதினதை நான் காணேல்ல."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. திரும்பிப் போய் உம்மாவிடம் சொன்னதும் அவருக்கு ஆளைப் பிடிபட்டது. வாப்பா புடவை எடுத்த அதே கடையில் எடுத்து, அதே ஊர்களுக்குப் போன இன்னொரு வியாபாரி. வெளியேற்றத்துக்குப் பின் சில வருடங்களில் புத்தளத்து முகாமிலேயே காலமானவர். பிள்ளைகள் இல்லை. அதனால் அவரைப் பற்றிக் கேட்டு அக்கராயனுக்குப் போக யாரும் இருக்கவில்லை. போன நானும் அவருடைய பாட்டை எடுத்து வாப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன். எல்லாச் சாட்சிகளும் உண்மையே சொன்னார்கள். 'ஒருவர்தான்' என்ற என் ஊகம் அப்படி ஒருவரே இல்லாத ஒரு மனிதரை உண்டாக்கி, உண்மையில் இருந்த ஒருவரை மறைத்துவிட்டது.

வன்னி முஸ்லிம்களின் வரலாற்றை எழுத முனையும் நம் இளம் ஆய்வாளர்களுக்கு இதிலிருந்து மூன்று விடயங்களைச் சொல்லலாம். சாட்சிகளை ஒன்றாகக் கலந்து அழகான கதையாக்கும் முன், ஒவ்வொன்றையும் சொன்னவரின் வாய்ச்சொல்லிலேயே தனியாகப் பாதுகாத்து வையுங்கள். நமது ஊகம் பிழை என்று நாளை தெரிந்தால் திரும்பக் கணக்குப் போட அவை வேண்டும். நம் பக்கத்தவரிடம் மட்டும் கேட்காதீர்கள். புத்தளத்தில் ஒரு குழுவும் வன்னித் தமிழ்க் கிராமங்களில் இன்னொரு குழுவும் தனித்தனியே கேட்டு, பிறகு ஒப்பிடட்டும். ஒத்து வராத ஒரு வார்த்தை வந்தால் அதைச் சமாதானம் சொல்லித் தள்ளிவிடாதீர்கள். என் உம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம் சரியான அளவையாக இருந்தது. தள்ளியவன் நான்.

குறிப்பைத் திருத்தி எழுதியிருக்கிறேன். இப்போது அதில் இரண்டு பேர், இரண்டு சைக்கிள்கள். மூன்றாவது ஒருவரும் இருந்திருக்கக் கூடும் என்று ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.